தவணை முடிந்த புத்தகம்

மௌனிகா மேடம் போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அக்கா, சிஜு அண்ணன் புது டயக்ராமப் பார்த்துட்டுத்தானுங்க லைனுக்குப் போனாரு?"

"ஆமா மேடம். வந்துருச்சுன்னுதான் எடுத்துட்டுப் போனாரு" என்று நானும் பட்டென்று சொல்லிவிட்டேன்.

சொல்லி வாய் மூடவில்லை, கண்முன்னே ஒரு சின்ன ஏரோப்ளேன் வந்து நின்றது. திரையின் மேல் ஓரத்தில், எறும்பு அளவுக்கு ஒரு படம். அதை அங்கே வரவழைத்தது நான்தான்.

அந்த ஏரோப்ளேன் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் செருப்புக்கூடப் போடாமல் மழையில் ஓடினேன் என்பது விளங்கும்.

என் பெயர் அன்னமேரி. சித்திரபுரத்தில் கரண்ட்காரர்கள் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். கணவர் சிஜு லைன்மேன். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு டீச்சர். எனக்குச் சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படிக்க ஏதாவது வேண்டும். எங்கள் ஊர் நூலகத்தில், வாயனசாலை என்பார்கள், நாலு சுவருக்கும் மலையாளப் புத்தகங்கள். தமிழுக்கு என்று ஒரே ஒரு அலமாரி. அதில் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் பூச்சி தின்றிருக்கிறது என்பதுவரை எனக்கு அத்துபடி.

என் தங்கை ஜிபி வெளிநாட்டில் நர்ஸ். இந்த முறை லீவில் வந்தபோது புத்தகம் படிக்கிற கருவி இரண்டு கொண்டுவந்தாள். ஒன்று சின்னது, கைக்குள் அடங்கும். இன்னொன்று பெரியது, பள்ளிக்கூட சிலேட்டு அளவு. "ரெண்டையும் வச்சுப் பாருங்க. எது ஒத்து வருதோ அதை நீங்க எடுத்துக்கிட்டு, மத்ததை நான் திரும்பிப் போறப்போ குடுங்க" என்றாள். அவள் இருக்கும் ஊர் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள்கூட இரவல் கிடைக்குமாம். தன்னுடைய அட்டை எண்ணையும் எனக்குக் கொடுத்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டேன்.

ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நானும் சிஜுவும் மல்லுக்கு நின்றோம். அவருக்குக் கதைபோல எதுவும் வேண்டாம்; டயக்ராம் பார்க்கவேண்டும். எந்த லைன் எங்கே போகிறது, எந்த ஸ்விட்சை இழுத்தால் எந்த போஸ்டில் கரண்ட் நிற்கும் என்று ஆபீசில் வரைந்து கொடுப்பார்களே, அது. காகிதத்தில் கொடுத்தால் எங்கள் மழைக்கு அரை மணி நேரத்தில் கூழாகிவிடும். போனில் பார்த்தால் வெயிலில் ஒன்றும் தெரியாது, மழையில் விரல் வழுக்கும். சின்னக் கருவியில் போட்டுப் பார்த்தார். முழுப் படமும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பெரிதாக்கினால் ஸ்விட்ச் தெரிகிற இடத்தில் போஸ்ட் தெரியவில்லை. பெரியதில் முழுத் தாளும் அப்படியே கிடந்தது. கூடவே ஒரு பேனா, அதில் குறித்துக்கொள்ளலாம். ஆபீசிலிருந்து மெயில் அனுப்பினால் போதும், வீட்டு நெட்டில் அதுவாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். "இதுதான் எனக்கு" என்று சொல்லிவிட்டார்.

எனக்குச் சின்னதுதான் ராசி. படுத்துக்கொண்டு படிக்கலாம். பெரியதைப் பிடித்தபடி தூங்கினால் மூக்கில் விழும், விழுந்திருக்கிறது. ஆனால் சின்னதிடம் ஒரு கெட்ட குணம். இரவல் புத்தகத்தின் தவணை முடிகிற அந்த நிமிஷத்தில் பூட்டிக்கொள்ளும். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரக்கமே கிடையாது. பெரியது அப்படியில்லை. தவணை முடிந்தாலும், அடுத்த முறை நெட் வருகிறவரைக்கும் புத்தகம் அதில் இருக்கும். ஏரோப்ளேன் படத்தை அழுத்தி நெட்டை நிறுத்திவிட்டால் யாரும் வந்து பிடுங்க முடியாது. இதை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை!

இந்த ஆராய்ச்சியையெல்லாம் நான் தினமும் சிஜுவிடம் விளக்குவேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே "ம்" என்பார். பெருசில் எழுத்து நன்றாக இருக்கிறது என்றாலும் "ம்". சின்னதில் புத்தகம் பூட்டிக்கொண்டது என்றாலும் "ம்". சுவரிடம் சொல்லலாம், அதுவாவது கொஞ்சம் எதிரொலிக்கும். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இருக்காது.

சரி, முந்தின நாளுக்கு வருகிறேன். ஒரு கொலைக்கதையைப் பெரியதில் இரவல் எடுத்திருந்தேன். மலைப் பங்களா ஒன்றில் சமையல்காரி காணாமல் போகிறாள். வீட்டிலிருக்கிற அத்தனை பேர் மேலும் சந்தேகம். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அன்றைக்கு ராத்திரியோடு தவணை முடிகிறது. அந்த ஊரில் எனக்குப் பின்னால் அதே புத்தகத்துக்கு யாரோ காத்திருந்ததால் நீட்டிக்கவும் முடியவில்லை. சாப்பிடும்போது சிஜுவிடம் புலம்பினேன்.

"இன்னைக்கு ராத்திரியோட தவணை முடியுதுங்க. நெட்டு பட்டா போச்சு. யாரு கொன்னான்னு தெரியாமலே போயிரும்."

"ம்" என்றார்.

பிறகு அவர் ஏதோ சொன்னார். மேல் லைன், மௌனிகா மேடம், ராத்திரி வரும் என்று என்னவோ காதில் விழுந்தது. நான் அப்போது மனசுக்குள் அந்தப் பங்களாவின் சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். "ம்" என்றேன். தட்டை எடுத்துப் போட்டுவிட்டு, பெரிய கருவியை எடுத்து, ஏரோப்ளேனை அழுத்தினேன். அன்றைக்கென்று உடம்பு அசதி. இரண்டு பக்கம் படிப்பதற்குள் தூங்கிப்போனேன்.

விடியும்போது காற்றும் மழையுமாக இருந்தது. மேலே எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாக அவருக்கு அழைப்பு வந்தது. பூட்ஸை மாட்டிக்கொண்டே வாசலிலிருந்து கேட்டார்.

"மேரி, அது வந்துருச்சா?"

அடுப்பில் பால் பொங்குகிறது. கலெக்டர் மழை லீவு விட்டுவிட்டார் என்று குரூப்பில் வந்திருக்கிறது. இன்றைக்கு நாள் முழுக்க வீட்டில்தான், உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று எனக்குள் சந்தோஷம். எது வந்துருச்சா என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. "ம்" என்றேன். அவர் பெரிய கருவியை பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஐயோ, என் புத்தகம் போகிறதே என்றுதான் எனக்கு அப்போதும் இருந்தது.

இப்போது போனில் மௌனிகா மேடம். கீழே செக்ஷன் ஆபீசில் சப் இன்ஜினியர். கிழக்குப் பாலக்காட்டில் சித்தூர்ப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள்.

"மேடம்" என்றேன். "மேடம், அது வரல. அதுல நான் நெட்டை நிறுத்தி வச்சிருந்தேன். அவருக்குத் தெரியாது."



"என்னங்கக்கா சொல்றீங்க? நேத்தே அண்ணங்கிட்டச் சொன்னேனுங்களே. அந்தப் போஸ்டுக்கு இத்தன நாளும் கீழ இருந்து மட்டுந்தான் கரண்டு. நேத்து சாயந்திரம் மேல இருந்து இன்னொரு லைனச் சேத்துற வேலை நடந்துச்சு. முடிஞ்சா புது டயக்ராம் வரும், ரெண்டு ஸ்விட்சையும் இழுக்கோணும். முடியலீன்னா வராது, பழசுதான், ஒண்ணு போதும்னு. வேலை முடிஞ்சுது, நானும் அனுப்பீட்டேன். அண்ணன் பழசப் பார்த்தா வேலை முடியலீன்னுதானுங்க நெனைப்பாரு?"

"அப்ப?"

"ஒரு ஸ்விட்ச இழுத்துட்டு ஏறுவாரு. மேல கரண்டு இருக்குமுங்க."

என் காதுக்குள் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணன் போன் கெடைக்க மாட்டேங்குது. மேல் சப்ஸ்டேஷனுக்கும் லைன் கெடைக்கல, நான் விடாம அடிச்சுட்டே இருக்கறேன். இங்கிருந்து ஜீப்பு வரோணும்னா ரோட்டுல மரம் கெடக்குது. நீங்கதானுங்க பக்கம். போங்கக்கா, ஓடுங்க!"

ஓடினேன். கதவைச் சாத்தினேனா, அடுப்பை அணைத்தேனா, எதுவும் நினைவில்லை. சிஜுவின் போனுக்கு அடித்துக்கொண்டே ஓடினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள். அவளை நான் பேசிய பேச்சை டீச்சர் என்று சொல்லிக்கொள்கிற யாரும் பேசக்கூடாது.

ரோட்டு வழியாகப் போனால் சுற்று. தேயிலைக்குள் புகுந்தால் குறுக்குப்பாதை உண்டு. மஞ்சு என்று நாங்கள் சொல்கிற மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் செடியா மனுஷனா என்று தெரியவில்லை. மண் வழுக்கியது. விழுந்தேன், எழுந்தேன், தேயிலைக் கட்டை காலைக் கிழித்தது. வலிக்கவில்லை. பயம் வந்தால் உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும்போல. லைன்மேன் பெண்டாட்டிகளுக்கு எல்லோருக்கும் உள்ளே ஒரு பயம் இருக்கும். அடுப்படியில் நிற்கும்போது, துணி காயப்போடும்போது, சும்மா இருக்கும்போது அது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்தப் பயத்தில் இதுவரை எப்போதும் யாரோ ஒருவர்தான் தவறு செய்வார். அந்த யாரோ ஒருவர் நானாக இருந்ததே இல்லை.

எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். கடைசியில் அந்தோணியாரிடம்தான் நின்றது மனசு. காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் இல்லையா. "அந்தோணியாரே, அவரை உயிரோட காட்டும். அந்தப் புத்தகத்தோட முடிவை நான் படிக்கவே மாட்டேன். சாகிறவரைக்கும் படிக்க மாட்டேன்." ஆடு, கோழி, மெழுகுவர்த்தி என்று நேர்ந்துகொள்கிறவர்கள் உண்டு. என்னிடம் அந்த நேரத்தில் கொடுப்பதற்கு அதுதான் இருந்தது. ஒரு மனுஷனின் உயிருக்கு ஈடாக ஒரு கதையின் கடைசி அத்தியாயம்! அந்தோணியார் சிரித்திருப்பார்.

மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு வளைவுதான்.

டமார் என்று ஒரு சத்தம்.

மஞ்சுக்குள் நீல வெளிச்சம் ஒன்று அடித்து அணைந்தது. செடிகளில் இருந்த குருவிகள் மொத்தமும் எழுந்து பறந்தன. பிறகு மழை. மழையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஓடச் சொன்னேன், ஓடவில்லை. முன்னால் போனால் பார்க்க வேண்டியிருக்கும். போகாமல் நின்றால் அவர் இன்னும் உயிரோடு இருப்பார் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். எவ்வளவு நேரம் நின்றேனோ. "சிஜு" என்று கத்தினேன். கட்டியவரைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே என்று மாமியார் சொல்லிச் சொல்லி வளர்த்த வாய். "சிஜு, சிஜு" என்று கத்திக்கொண்டே மேலே ஏறினேன்.

வளைவைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் ஹெல்மெட். தரையில், கவிழ்ந்து, தனியாக. அதைப் பார்த்ததும் நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"இங்கன வராத! அங்கனயே நில்லு!"

அவர் குரல்தான். ரோட்டோரத்தில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். தலையில் ஒன்றுமில்லை. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. தண்ணீர் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தார்; பாதித் தண்ணீர் சட்டையில்தான் விழுந்தது. பக்கத்தில் அவரோடு வேலை பார்க்கிற சூசையப்பன் அண்ணன் தரையில் முழங்கால் போட்டு, வாய் முணுமுணுக்க, ஜெபமாலை மணி உருட்டிக்கொண்டிருந்தார். போஸ்ட்டின் அடியில் நீளக் கழி ஒன்று கிடந்தது. அதன் முனைக் கொக்கி உருகிக் கருகியிருந்தது.

போஸ்ட்டிலிருந்து நன்றாக விலகிச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனேன். தலை, கை, கால், எல்லாம் தொட்டுப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். ஏன் அடித்தேன் என்று கேட்காதீர்கள்.

"என்ன மேரி, நீ எதுக்கு இப்படி ஓடியாந்த? காலெல்லாம் ரத்தம்."

"டயக்ராம் வரலங்க. நான்தான், நான்தான் நெட்டை..."

"தெரியும்."

"என்ன தெரியும்? எப்படித் தெரியும்?"

சூசையப்பன் அண்ணன்தான் எழுந்து வந்து சொன்னார்.

"நான் ஏணியில காலை வச்சுட்டேன், தங்கச்சி. பழைய டயக்ராம்தான் இருக்கு, வேலை முடியல போல, ஒரு ஸ்விட்சு போதும், வா ஏறுவோம்னு நான்தான் அவசரப்பட்டேன். இவன்தான் என் பெல்ட்டப் புடிச்சு இழுத்துக் கீழ போட்டான். எறங்குண்ணே, எம் பொண்டாட்டி புஸ்தகம் இன்னும் இதுல இருக்குன்றான். எனக்குக் கோவம் வந்துருச்சு. மழையில நிக்கிறோம், இவன் புஸ்தகம்ன்றான்."

நான் சிஜுவைப் பார்த்தேன்.

"கவரைத் திறந்தா உன் கொலைக்கதைதான் முதல்ல வந்துச்சு" என்றார் மெதுவாக. "நீ காலையில ம்னதால, வந்தது இவ்வளவுதான், வேலை முடியலன்னுதான் நானும் முதல்ல நெனச்சேன். ஆனா நேத்துச் சோறு திங்கும்போது நீ என்ன சொன்ன? ராத்திரியோட தவணை முடியுது, நெட்டு பட்டாப் போயிரும்னு. ராத்திரி பூரா வீட்டுலதான இருந்துச்சு. போக வேண்டிய புஸ்தகம் போகலைன்னா, வர வேண்டியதும் வந்திருக்காதுல்ல? அப்புறம் மேல பார்த்தேன். உன் ஏரோப்ளேன் நிக்குது. சரி, எதுக்கும் கீழ நின்னே நீளக் கழியால எர்த்துக் கம்பிய லைன்ல மாட்டிப் பாப்போம், கரண்டு இருந்தா வெடிச்சுக் காட்டிரும்னு..." அவர் உருகிய கொக்கியைப் பார்த்தார்.

"நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"பெருசுல நெட்டு வந்தாத்தான் போகும், சின்னதுல அந்த நிமிஷமே பூட்டிக்கும். எத்தனை தடவை சொன்ன! காது என்ன கல்லா?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஓடும்போது வரவில்லை, சத்தம் கேட்டபோது வரவில்லை. அந்த மனுஷன் சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்ன ஒவ்வொரு "ம்"முக்கும் பின்னால் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் சொன்ன இரண்டே இரண்டு "ம்"களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அந்த இரண்டில் ஒன்று அவரைக் கொன்றிருக்கும். சூசையப்பன் அண்ணனையும்.

"நீங்க சொன்னதை நான் கேக்கலங்க" என்றேன். "வந்துருச்சான்னு கேட்டீங்களே, எதுன்னே தெரியாம ம்னு சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பயந்திருந்தார், அது மட்டும்தான் இருந்தது. பிறகு என் காலில் ஒட்டியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடத் தொடங்கினார்.

மௌனிகா மேடம் மேல் சப்ஸ்டேஷனை எப்படியோ பிடித்து, அந்த லைனையும் நிறுத்தி, மரத்தைத் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தாள். இரண்டு ஸ்விட்சையும் இழுத்து, பூட்டி, மறுபடி சோதித்து, வேறு ஆட்கள்தான் ஏறினார்கள். இவர்கள் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன். "வுடுங்கக்கா" என்றாள், ஆனால் அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து, சிஜுவுக்கு முன்னாலேயே கருவியை எடுத்து ஏரோப்ளேனை அணைத்தேன். ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. சின்னதாக ஒரு வட்டம் சுற்றியது. புது டயக்ராம் வந்து உட்கார்ந்தது. பழையதற்கும் அதற்கும் ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம். அடுத்த கணம், பக்கத்தில் இருந்த கொலைக்கதையின் அட்டைப்படம் காணாமல் போயிற்று. அந்த ஒரு கோட்டை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜிபி திரும்பிப் போகும்போது சின்னதைக் கொடுத்தனுப்பினோம். "உனக்குத்தான் சின்னது புடிக்குமே?" என்றாள். பெரியது வீட்டில் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் போனில், "அந்தக் கதைய நான் எடுத்துப் படிச்சேன்க்கா. யாரு கொன்னான்னு சொல்லவா?" என்று ஆரம்பித்தாள். போனைக் கீழே வைத்துவிட்டேன். அவளுக்குக் கோபம். கோபித்துக்கொள்ளட்டும். நேர்ச்சை நேர்ச்சைதான்.

இப்போது காலையில் சிஜு பூட்ஸ் மாட்டும்போது, "வந்துருச்சா?" என்று கேட்டால் நான் பதிலே சொல்வதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கருவியை எடுத்து, மேல் ஓரத்தில் ஏரோப்ளேன் இல்லை என்று பார்த்து, டயக்ராமைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன். அவர் எல்லாக் கோட்டையும் நிதானமாகப் பார்த்து முடித்து, "ம்" என்று சொன்ன பிறகுதான் நான் கருவியை விடுகிறேன்.